வலையை வெட்டுவதற்கு முன் பத்து நிமிடம்: கைவிடப்பட்ட மீன்பிடிப் பொருட்களையும் கடல் பிளாஸ்டிக்கையும் பதிவு செய்வது எப்படி

கரையில் ஒரு வலைக்குவியலைப் பார்த்ததும் எல்லாருக்கும் கை பரபரக்கும். கத்தியை எடுத்து வெட்டி, மூட்டை கட்டி, இடத்தைச் சுத்தம் பண்ணிவிடத் தோன்றும். நல்ல மனசுதான். ஆனால் மூட்டைக்குள் போன பிறகு அது எந்த வகை வலை, எவ்வளவு காலம் மிதந்தது, ஏன் கடலில் விழுந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. கரை சுத்தமாகும், வலை வரும் வழி அப்படியே இருக்கும்.

கரை ஒதுங்கும் வலைகளை அளந்து எழுதுவதைப் பல வருடங்களாகச் செய்கிறேன், புதிதாக வருபவர்களுக்கும் சொல்லித்தருகிறேன். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. வெட்டுவதற்கு முன் எழுதுங்கள். எப்படி எழுதுவது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் உயிர்

வலைக்குள் ஏதாவது மாட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆமையோ பறவையோ உயிரோடு இருந்தால் அளவு நாடாவைக் கீழே வையுங்கள். வனத்துறைக்கோ கடல் உயிரின மீட்புக் குழுவுக்கோ தகவல் போக வேண்டும், அந்த எண் முன்பே உங்கள் கைபேசியில் இருக்க வேண்டும். ஆமையைத் துடுப்பைப் பிடித்து இழுக்காதீர்கள். தோலுக்குள் புதைந்த வலை நரம்பையோ (ஒற்றை பிளாஸ்டிக் இழை), வாயிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் நரம்பையோ உருவாதீர்கள். உள்ளே தூண்டில் இருந்தால் குடல் கிழியும். உதவி வரும்வரை நிழல் கொடுத்து, ஓட்டின் மேல் ஈரத்துணி போட்டு, மூக்குத் துளையை மூடாமல் பார்த்துக்கொண்டால் போதும். பார்வைக்கு நன்றாக இருக்கிறதே என்று உடனே கடலில் விடுவதும் தவறு. இறுகிய கயிற்றால் உள்ளே என்ன சேதம் ஆகியிருக்கிறது என்று வெளியே தெரியாது.

இறந்திருந்தால் அதுவும் ஒரு பதிவு. என்ன உயிரினம், எந்த உறுப்பு மாட்டியது, எந்த வலைக்கண்ணில் மாட்டியது என்று படத்தோடு எழுதுங்கள்.

இடமும் நேரமும்

கைபேசியின் ஜிபிஎஸ் போதும். வலையின் பக்கத்தில் ஒரு நிமிடம் நின்று, துல்லிய வட்டம் சுருங்கிய பிறகு எண்ணை எடுங்கள். தசம பாகையில் எழுதுங்கள். புள்ளிக்குப் பின் 4 இலக்கம் இருந்தால் ஏறக்குறைய 11 மீட்டர் துல்லியம் கிடைக்கும், 5 இலக்கம் இருந்தால் ஒரு மீட்டர்.

இதில் ஒரு பெரிய குழப்பம் உண்டு. 12 பாகை 30 கலை (ஒரு பாகைக்கு 60 கலை) என்பதை 12.30 என்று எழுதிவிடுவார்கள். சரியான தசம எண் 12.50. இந்த 0.20 பாகை அட்சரேகையில் 12 கடல் மைல், அதாவது 22 கிலோமீட்டர். வரைபடத்தில் போட்டால் வலை ஏதோ ஒரு மலையின் மேல் போய் உட்கார்ந்திருக்கும். பதிவேட்டின் மேலேயே "தசம பாகை மட்டும்" என்று எழுதி வைத்துவிடுங்கள்.

நேரத்தோடு, வலை கரையில் எந்த மட்டத்தில் கிடந்தது என்பதையும் குறியுங்கள். அலை தொடும் இடமா, கடைசி ஏற்றம் விட்டுப்போன கோடா, அதற்கும் மேலே செடிகொடிக்குள்ளா? ஈரக்கோட்டில் கிடப்பது இன்றோ நேற்றோ வந்திருக்கலாம். செடிக்குள் கிடப்பது போன புயலில் வந்து அங்கேயே தங்கியதாக இருக்கலாம். இரண்டையும் "இன்று கண்டது" என்று ஒரே மாதிரி எழுதினால் பிற்பாடு நீரோட்டக் கணக்குப் போடுபவருக்கு அந்தப் பதிவு பயன்படாது.

படம் குறைந்தது மூன்று விதமாக வேண்டும். சுற்றுப்புறம் தெரியும் தூரப் படம், பக்கத்தில் அளவுகோலோடு முழு வலை, பிறகு முடிச்சு, நூல், விளிம்பு, மிதவை ஆகியவற்றின் கிட்டப் படங்கள். மிதவையில் எழுத்தோ எண்ணோ இருந்தால் எல்லாப் பக்கத்தையும் எடுங்கள். ஒரு துண்டுக் காகிதத்தில் பதிவு எண்ணை எழுதி ஒவ்வொரு படத்திலும் தெரிய வையுங்கள். வீட்டுக்கு வந்து ஐம்பது பச்சை வலைப் படங்களைப் பார்க்கும்போது அந்தத் துண்டுக் காகிதத்தின் அருமை தெரியும்.

வலையைப் படிப்பது

இங்குதான் அவசரப்படவே கூடாது. ஒரு வலையின் வேலையும் வாழ்வும் அதன் நூலில் இருக்கிறது.

முதலில் வலைக்கண். ஒரு கண்ணை நன்றாக இழுத்து நீட்டி, ஒரு முடிச்சின் நடுவிலிருந்து எதிர் முடிச்சின் நடுவரை மில்லிமீட்டரில் அளக்க வேண்டும். ஒரே கண்ணை அளந்து விட்டுவிடாதீர்கள், சில கண்கள் சுருங்கியிருக்கும், சில இழுபட்டிருக்கும். பத்துக் கண்களை வரிசையாக நீட்டி அளந்து பத்தால் வகுப்பது நல்லது. அடுத்து நூலின் தடிமன். அளவிடும் கருவி இல்லையென்றால் ஒரு பென்சிலில் நூலை இடைவெளி இல்லாமல் பத்துச் சுற்று சுற்றி, அந்த அகலத்தைப் பத்தால் வகுங்கள். அப்புறம் நூலின் அமைப்பு: ஒற்றை நரம்பா, முறுக்கியதா, பின்னியதா? முறுக்கு என்றால் எத்தனை புரி? வலையில் முடிச்சு இருக்கிறதா, முடிச்சில்லாமல் ஆலையில் நெய்ததா? நிறம் என்ன?

இந்தச் சில விவரங்களை வைத்தே வலையின் வகையை ஓரளவு சொல்லிவிடலாம். மெல்லிய ஒற்றை நரம்பில், கண்ணுக்குத் தெரியாத மாதிரி இருப்பது பெரும்பாலும் செவுள்வலை, அதாவது மீன் செவுளில் மாட்டும்படி தண்ணீரில் தொங்கவிடும் வலை. தடித்த, பின்னிய பச்சை அல்லது ஆரஞ்சு நூல் என்றால் படகு இழுத்துச் செல்லும் இழுவலையாக இருக்க வாய்ப்பு அதிகம். சிறிய கண்களும் முடிச்சில்லாத நெசவும் மீன்கூட்டத்தைச் சுற்றி வளைக்கும் சுருக்குவலையிலும் இருக்கும், மீன் வளர்ப்புக் கூண்டிலும் இருக்கும். அதனால் அதை உறுதியாகச் சொல்லாமல் "தெரியவில்லை" என்ற கட்டத்தில் குறியுங்கள். அந்தக் கட்டம் ஒவ்வொரு படிவத்திலும் இருக்க வேண்டும். ஊகத்தால் நிரப்பிய பதிவைவிட வெற்றிடம் உள்ள பதிவுக்கு மதிப்பு அதிகம்.

பிறகு மிதப்புச் சோதனை. விரல் நீளத்துக்கு ஒரு நூலை வெட்டி, மணலும் காற்றுக்குமிழியும் போகக் கசக்கிக் கழுவி, கடல்நீர் உள்ள பாட்டிலில் போடுங்கள். கடல்நீரின் அடர்த்தி சுமார் 1.025. பாலிஎத்திலீன் 0.95, பாலிபுரொப்பிலீன் 0.91, இரண்டும் மிதக்கும். நைலான் 1.14, பாலியெஸ்டர் 1.38, இரண்டும் மூழ்கும். எரித்துப் பார்த்துப் பொருளைக் கண்டுபிடிக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. அந்தப் புகை நல்லதில்லை, பாட்டில் சோதனையே போதும்.

கரையில் நாம் பார்ப்பது கடலில் உள்ளதன் நியாயமான மாதிரி இல்லை என்பது இந்தச் சோதனையில்தான் புரியும். பாலிஎத்திலீன் இழுவலைத் துண்டு தானாகவே மிதந்து வெகுதூரம் வரும். நைலான் செவுள்வலை மிதவைகளை இழந்ததும் மூழ்கி, அடியில் பாறையிலோ பவளத்திலோ சுற்றிக்கொண்டு, கரைக்கு வராமலேயே மீனைக் கொன்றுகொண்டிருக்கும். "எங்கள் கரையில் செவுள்வலை அதிகம் ஒதுங்குவதில்லை, அதனால் பிரச்சினை இல்லை" என்று யாராவது முடிவுக்கு வந்தால் தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள். அவர்கள் முங்குபவர்களிடமும் கேட்க வேண்டும்.

விளிம்பைக் கடைசியாக, நிதானமாகப் பாருங்கள். உள்ளங்கை அகலத்தில் ஒரு பச்சைத் துண்டு. நாலு பக்கமும் கத்தியால் வெட்டிய சுத்தமான விளிம்பு, நூல் முனை பிரியவே இல்லை. இது புயலில் தொலைந்த வலை இல்லை. கிழிந்த வலையைச் சரிசெய்யும்போது வெட்டிப்போட்ட துண்டு, படகின் தளத்திலிருந்து கடலுக்குள் தள்ளப்பட்டது. இன்னொரு துண்டைப் பாருங்கள். விளிம்பு பிய்ந்து, நூல் இழுபட்டு, ஒரு பக்கம் மேல்கயிறு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, நடுவில் வேறு நிற நூலால் தைத்த ஒட்டு. இது பல காலம் உழைத்து, அடியில் எதிலோ சிக்கிக் கிழிந்த வலை. முதலாவதற்குத் தீர்வு படகில் ஒரு குப்பைப் பையும் துறைமுகத்தில் அதை வாங்கிக்கொள்ள ஆளும். இரண்டாவதற்குத் தீர்வு தடைகளைக் காட்டும் வரைபடமும், தொலைந்ததைச் சொல்ல ஒரு வழியும். இரண்டையும் "வலைத்துண்டு - 2" என்று எழுதிவிட்டால் இந்த வேறுபாடே தொலைந்துபோகும்.

பல வலைகள் ஒன்றாகச் சுருண்ட பந்து கிடைத்தால், உள்ளே எத்தனை வகை இருக்கிறதோ அத்தனையையும் தனித்தனியாக எழுதி, எல்லாவற்றுக்கும் ஒரே பந்து எண்ணைக் கொடுங்கள். வெவ்வேறு கடல்களில் தொலைந்தவை வழியில் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டிருக்கலாம்.

எவ்வளவு காலம் மிதந்தது?

காம்போடு தொங்கும் கொட்டலசு (ஓடுள்ள சிறு கடல் உயிரி) ஒட்டியிருக்கிறதா பாருங்கள். லெபாஸ் என்ற இந்தப் பேரினம் மிதக்கும் பொருட்களில் வேகமாகக் குடியேறும். இருப்பதிலேயே பெரியதன் ஓட்டை அளந்தால், வலை குறைந்தது இவ்வளவு காலம் மிதந்திருக்கும் என்று நிபுணர்கள் கணிக்க முடியும். 2015 ஜூலையில் ரீயூனியன் தீவில் ஒதுங்கிய எம்எச் 370 விமானத்தின் இறக்கைப் பகுதியில் ஒட்டியிருந்த கொட்டலசுகளையும் ஆராய்ச்சியாளர்கள் இப்படித்தான் ஆராய்ந்தார்கள். கணிப்பதை அவர்களிடம் விடுங்கள். நீங்கள் செய்ய வேண்டியது பெரிய ஐந்தை அளவுகோலோடு படம் எடுப்பது. கரை வந்து இரண்டு மூன்று நாளில் அவை காய்ந்து உதிர்ந்துவிடும், அதனால் இதைத் தள்ளிப்போட முடியாது. பவளத் துணுக்கு ஒட்டியிருந்தால், கரை வருவதற்கு முன் வலை அடித்தளத்தில் உரசியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

மற்ற பிளாஸ்டிக்குக்கு 100 மீட்டர்

வலைக்கு ஒவ்வொன்றாகப் பதிவு. பாட்டில், மூடி, கயிற்றுத்துண்டு, தெர்மோகோல் போன்றவற்றுக்கு அது நடக்காது. அவற்றுக்கு ஒரே 100 மீட்டர் கரையைத் தேர்ந்தெடுத்து, திரும்பத் திரும்ப அதையே எண்ணுங்கள். ஐரோப்பாவின் கடல் பாதுகாப்பு ஒப்பந்தமான ஆஸ்பாரின் முறையில் வருடத்துக்கு நாலு முறை. அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல அமைப்பான நோவாவின் முறையில் 28 நாளுக்கு ஒருமுறை, 2.5 செ.மீ.க்கு மேற்பட்டவை மட்டும். எந்த முறையை எடுத்தாலும் சரி, நடுவில் மாற்றாதீர்கள். எண்ணும் ஆட்கள் எத்தனை பேர், எவ்வளவு நேரம் தேடினார்கள் என்பதையும் எழுதுங்கள். ஆள் கூடினால் எண்ணிக்கையும் கூடும், அதைக் குப்பை கூடியதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒன்றுமே கிடைக்காத நாளுக்கும் தேதி போட்டு பூஜ்யம் என்று எழுதுங்கள். பூஜ்யம் எழுதாத பதிவேட்டிலிருந்து எந்தப் போக்கையும் கணக்கிட முடியாது.

2 முதல் 5 மி.மீ. அளவில், பருப்பு மாதிரி உருண்டையாகக் கிடப்பவை பிளாஸ்டிக் தயாரிப்புக்கான மூலக் குருணைகள். 2021-ல் எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்தபோது இலங்கைக் கரையை மூடியவை இவைதான். இவற்றை எண்ண ஒரு சதுரச் சட்டத்தைக் கடைசி ஏற்றக்கோட்டில் வைத்து, அதற்குள் இருப்பதை மட்டும் எண்ணினால் போதும்.

படகிலிருந்து பார்த்தால்

மிதக்கும் வலையை நெருங்கும்போது காற்று படகை வலையிலிருந்து விலக்கித் தள்ளும் பக்கமாக நில்லுங்கள். காற்று படகை வலையின் மேல் தள்ளினால் உந்துவிசிறியில் சுற்றிக்கொள்ளும். நெருங்கியதும் விசிறி சுற்றக் கூடாது. எவ்வளவு தெளிந்த நீராக இருந்தாலும், வலையைப் பார்க்கப் பயிற்சி இல்லாதவர் யாரும் முங்க வேண்டாம். வலைக்குள் மாட்டிய முங்குநர்களைக் கடல் திருப்பிக் கொடுப்பதில்லை.

தூக்க முடியாத அளவு பெரிது என்றால் தான் இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோள் வழியாகச் சொல்லும் மிதவை ஒன்றைக் கட்டிவிடும் முறை இருக்கிறது. வட பசிபிக்கில் ஓஷன் வாயேஜஸ் இன்ஸ்டிடியூட் அமைப்பு பாய்மரப் படகுக்காரர்களிடம் இப்படிப்பட்ட கருவிகளைக் கொடுத்து, போகிற வழியில் பார்க்கும் வலைகளில் கட்டச் சொன்னது. நீரோட்டங்கள் சேரும் இடத்தில் குப்பையும் சேர்வதால், கருவி கட்டிய ஒரு வலையைத் தேடிப் போனால் பக்கத்தில் இன்னும் பல கிடைத்தன. 2020-ல் ஒரே பயணத்தில் 100 டன்னுக்கு மேல் அள்ளி வந்தார்கள். 2018-ல் வெளியான ஓர் ஆய்வின்படி வட பசிபிக்கில் குப்பை குவிந்து மிதக்கும் பெரும் பரப்பில் 79,000 டன் பிளாஸ்டிக் மிதக்கிறது, அதில் குறைந்தது 46 சதவீதம் மீன்பிடி வலை.

கருவி இல்லையா? இடம், நேரம், காற்றின் திசையும் வேகமும், வலை நீர்மட்டத்துக்கு மேல் எவ்வளவு தெரிகிறது என்பதை எழுதுங்கள். கடைசியில் சொன்னதுதான் முக்கியம். தண்ணீருக்குள் தாழ்ந்து கிடக்கும் வலை ஏறக்குறைய நீரோட்டத்தோடு போகும். மிதவைகள் மேலே துருத்திக்கொண்டிருந்தால் காற்றும் அதைத் தள்ளும், இரண்டும் வேறு வேறு கரையில் போய்ச் சேரும்.

எங்கிருந்து வந்தது?

பதிவு சரியாக இருந்தால் பின்னோக்கிக் கணக்குப் போடலாம். நார்வே வானிலை நிறுவனம் உருவாக்கிய ஓபன்ட்ரிஃப்ட் என்ற மென்பொருள் இலவசம். ஒரு புள்ளியில் ஆயிரம் துகள்களைப் போட்டு, நீரோட்டத் தரவையும் காற்றுத் தரவையும் கொடுத்து, காலத்தைப் பின்னால் ஓட்டலாம். விடையாகக் கிடைப்பது ஒரு பரப்பு, ஒரு புள்ளி அல்ல. நாள் கூடக்கூட அந்தப் பரப்பு விரிந்துகொண்டே போகும். அதைப் பார்த்து ஒரு ஊரைச் சுட்டிக்காட்டுவது அநியாயம்.

மிதவையில் அச்சிட்ட நாட்டின் பெயரை வைத்து முடிவு கட்டுவதும் அப்படித்தான். ஒரு நாட்டில் செய்த வலையை இன்னொரு நாட்டுப் படகு வாங்கி, மூன்றாவது நாட்டின் கடலில் தொலைக்கலாம். மாலத்தீவில் மீன்பிடிப்பு பெரும்பாலும் தூண்டில்தான், ஆனாலும் அங்கே ஒதுங்கும் வலைகளில் ஆமைகள் மாட்டிக்கொண்டே இருக்கின்றன. 2013-ல் அங்கே தொடங்கிய ஆலிவ் ரிட்லி புராஜெக்ட் என்ற ஆமைப் பாதுகாப்பு அமைப்பு இந்த வலைகளை அளந்து பதிவு செய்துவருகிறது. ஆஸ்திரேலியாவின் வடக்கே கார்ப்பெண்டாரியா வளைகுடாவில் பூர்வகுடிக் காவலர்கள் கண்ணையும் நூலையும் அளந்து எழுதியதால்தான், அந்த வலைகளில் பெரும்பகுதி அந்த நாட்டுப் படகுகளுடையது இல்லை என்பது தெரியவந்தது.

பதிவை எங்கே சேர்ப்பது, யாரிடம் பேசுவது

வலைகளுக்கு 2015-ல் தொடங்கிய குளோபல் கோஸ்ட் கியர் இனிஷியேட்டிவ் என்ற, தொலைந்த மீன்பிடிப் பொருட்களுக்கான உலகக் கூட்டமைப்பின் தரவுத்தளமும் செயலியும் உண்டு. பொதுவான பிளாஸ்டிக்குக்கு ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் உருவான மரைன் டெப்ரிஸ் ட்ராக்கர் செயலி இருக்கிறது. எதில் போட்டாலும், உங்கள் கையில் ஒரு விரிதாள் நகல் இருக்கட்டும். செயலிகள் மாறும், சில மூடப்படும்.

"வருடத்துக்கு 6,40,000 டன் வலை தொலைகிறது" என்ற வரியை நீங்கள் எல்லா இடத்திலும் பார்த்திருப்பீர்கள். அது 2009-ல் வந்த ஐ.நா. அமைப்புகளின் அறிக்கையோடு பரவியது, எண்ணி எடுத்ததல்ல, மொத்தக் கடல் குப்பையில் பத்தில் ஒரு பங்கு என்று போட்ட தோராயக் கணக்கு. 2022-ல் வந்த ஆய்வு வேறு வழியில் போனது. ஏழு நாடுகளில் 450 மீனவர்களிடம் நேரடியாகக் கேட்டார்கள். மொத்த மீன்பிடிப் பொருட்களில் ஏறக்குறைய 2 சதவீதம் வருடந்தோறும் தொலைகிறது என்றும், அதில் கூடுகளும் பொறிகளும் மட்டும் இரண்டரைக் கோடி என்றும் கணக்கு வந்தது.

அதனால் உங்கள் பதிவேட்டோடு மீனவர்களிடம் போங்கள். வலை அவர்களுடைய முதலீடு, யாரும் ஆசைப்பட்டுத் தொலைப்பதில்லை. குற்றம் சாட்டும் தொனியில் கேட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். நூல் துண்டைக் கையில் கொடுத்து "இது எந்த மடியில் (வலையில்) வரும்?" என்று கேளுங்கள். படிவத்தில் "தெரியவில்லை" என்று விட்ட பாதிக் கட்டங்கள் அந்த ஒரு பேச்சில் நிரம்பும்.

பிளாஸ்டிக் வலையைக் கடலில் போடுவதை, கப்பல்களால் கடல் மாசுபடுவதைத் தடுக்கும் மார்போல் ஒப்பந்தத்தின் ஐந்தாம் இணைப்பு தடை செய்கிறது. தொலைந்த வலையை மீட்க முடியவில்லை என்றால் ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி அதிகாரிகளுக்குச் சொல்ல வேண்டும். ஆனால் சொன்னால் தண்டனை என்ற பயம் இருக்கும் இடத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். நார்வேயில் தொலைந்த இடத்தைப் படகுக்காரர்கள் தெரிவிக்க, அந்தத் தகவலை வைத்து 1980-களிலிருந்து அரசே கப்பல் அனுப்பி வலைகளை எடுக்கிறது. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 2008 முதல் 2014 வரை, மீன்பிடிப்பு இல்லாத மாதங்களில் மீனவர்களுக்கே கூலி கொடுத்து, பக்கவாட்டு ஒலியலைக் கருவியால் அடித்தளத்தைத் தேடச் சொன்னார்கள். 34,000-க்கு மேற்பட்ட கைவிடப்பட்ட பொருட்கள் மேலே வந்தன, பெரும்பாலானவை நண்டுக்கூடுகள். உங்கள் பகுதியில் தொலைந்ததைச் சொல்ல ஒரு தொலைபேசி எண் இல்லையென்றால், பதிவேட்டை எடுத்துக்கொண்டு மீன்வளத்துறையிடம் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்: பெயர் கேட்காத, அபராதம் போடாத ஓர் எண்.